படம் எங்கே நிற்க வேண்டும்?

நம் சங்கத்தின் சென்ற ஆண்டு மலரில் 46ஆம் பக்கத்தைப் புரட்டிய அன்பர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். மறைந்த நம் முன்னாள் பொருளாளருக்கு எழுதிய அஞ்சலிக் குறிப்பு அந்தப் பக்கத்தின் நடுவில் இருந்தது. அதை ஒட்டி இருந்த படமோ, அந்த மாதம்தான் முத்துவிழாக் கண்டு நல்ல உடல்நலத்தோடு இருக்கும் வேறொரு பெரியவருடையது. மறைந்தவரின் படம் அதற்கு மேலே, ஆண்டு வரவு செலவு அறிக்கையின் கடைசி வரிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

மலரைக் கணிப்பொறியில் அமைத்தவன் நான். பிழை முழுவதும் என்னுடையது. செயற்குழுக் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டேன்; இங்கும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் மன்னிப்போடு விஷயம் முடிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முத்துவிழாக் கண்ட பெரியவர் மறுநாள் காலையிலேயே தொலைபேசியில் அழைத்தார். "ஏம்ப்பா, எனக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துட்டியா?" என்று கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய பெருந்தன்மை அது. மறைந்தவரின் மனைவியை நேரில் போய்ப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. காபி கொடுத்தார். மலரை மடியில் வைத்துக்கொண்டு, "உயிரோட இருந்தப்பதான் சங்கத்துக் கணக்கே கதின்னு கிடந்தாரு. போன பிறகும் கணக்குப் பக்கத்துலதான் நிக்கணுமா தம்பி?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

நடந்தது இதுதான். மலர் முழுவதையும் வேர்டு மென்பொருளில், ஒரே கோப்பாக அமைத்திருந்தேன். 46ஆம் பக்கத்தின் மேல்பாதியில் அஞ்சலி, கீழ்ப்பாதியில் முத்துவிழா வாழ்த்து. இரண்டு படங்களையும் மவுஸால் இழுத்து, கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்தினேன். இனி அசையக் கூடாது என்று 'ஃபிக்ஸ் பொசிஷன் ஆன் பேஜ்' என்ற கட்டளையையும் கொடுத்தேன். அச்சுக்கு அனுப்ப வேண்டிய இரவு பதினோரு மணிக்கு, நன்கொடையாளர் பட்டியலில் 17 பெயர்கள் விட்டுப்போனது தெரிந்தது. சேர்த்தேன். பட்டியலுக்குப் பின்னால் இருந்த எழுத்தெல்லாம் 17 வரி கீழே இறங்கியது. வரவு செலவு அறிக்கையின் வால் 46ஆம் பக்கத்தின் தலைக்கு வந்தது. அஞ்சலி பக்கத்தின் நடுவுக்கு இறங்கியது. படங்களோ, நான் கேட்டுக்கொண்டபடி, இம்மியும் அசையவில்லை! நடுவில் நின்ற படம் முத்துவிழாப் பெரியவருடையது. விளைவு நீங்கள் அறிந்ததே.

ஆக, கணிப்பொறி தவறு செய்யவில்லை, சொன்னதைச் செய்தது. சொன்னவனுக்குத்தான் தான் என்ன சொன்னோம் என்பது தெரியவில்லை.

இது என் ஒருவனுடைய கதை அல்ல என்பதை மலர்க் குழுவில் பணியாற்றிய அன்பர்கள் அறிவார்கள். கட்டுரை அனுப்புகிறவர்கள் படங்களையும் உள்ளே இழுத்துவிட்டு அனுப்புகிறார்கள். அவர்கள் வீட்டில் ஒழுங்காக இருந்த படம் நம் கணிப்பொறியில் திறந்தவுடன் அடுத்த பக்கத்துக்குத் தாவுகிறது. இல்லையேல் எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. "நான் சரியாகத்தானே அனுப்பினேன்" என்று அவர்களுக்கு வருத்தம். "நான் எதையும் தொடவில்லையே" என்று நமக்கு வருத்தம். இருவர் சொல்வதும் உண்மைதான்.

இந்தத் தொல்லையின் வேர் எங்கே இருக்கிறது?

ஈய எழுத்துக் காலத்தில் படம் என்பது ஒரு பிளாக். உலோகத் தகட்டில் செய்து, மரக்கட்டையில் அறைந்து, எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்து, எழுத்துகளோடு சேர்த்து இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கிவிடுவார்கள். முடுக்கியபின் படமும் அசையாது, எழுத்தும் அசையாது. பின்னர் ஆப்செட் வந்தபோது அட்டையில் எழுத்துத் துண்டையும் படத்துண்டையும் பசை தடவி ஒட்டினார்கள். அங்கும் ஒட்டியது ஒட்டியதுதான். 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட பேஜ்மேக்கர் என்ற மென்பொருள் இந்த ஒட்டும் அட்டையைத்தான் கணிப்பொறித் திரைக்குக் கொண்டுவந்தது. பக்கம் ஒரு பலகை. அதில் எழுத்தையும் படத்தையும் வேண்டிய இடத்தில் வைக்கலாம். 1994இல் ஆல்டஸ், அடோபி நிறுவனத்தோடு இணைந்தது. 1999இல் வந்த இன்டிசைனும் அந்த வழியில் வந்ததே.

வேர்டு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல. 1983இல் முதலில் வெளிவந்த அது, தட்டச்சுப் பொறியின் வாரிசு. அதற்குப் பக்கம் என்பது பலகை அல்ல. முதல் எழுத்தில் தொடங்கிக் கடைசி எழுத்து வரை ஓடும் ஓர் ஆறு. பக்கம் எங்கே முடிகிறது என்பதை அது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட்டுக்கொள்கிறது. நாம் ஓடும் ஆற்றின் மேல் கோலம் போட்டுவிட்டு, கோலம் கலைந்துவிட்டதே என்று குறைபட்டுக்கொள்கிறோம்.

இந்த ஆற்றில் படத்தை இரண்டு விதமாக வைக்கலாம். ஒன்று, 'இன் லைன் வித் டெக்ஸ்ட்'. அப்படி வைத்தால் அந்தப் படத்தை வேர்டு ஒரு பெரிய எழுத்தாகவே கருதும். 'அ' என்ற எழுத்து எப்படித் தன் வரியை விட்டு ஓடாதோ, அப்படியே படமும் ஓடாது. முன்னால் பத்து வரி சேர்த்தால் வரியோடு சேர்ந்து அதுவும் இறங்கும். இரண்டாவது, மிதக்கும் படம். 'ஸ்கொயர்', 'டைட்', 'பிஹைண்ட் டெக்ஸ்ட்', 'இன் ஃப்ரண்ட் ஆஃப் டெக்ஸ்ட்' என்று பட்டியலில் வருபவை எல்லாம் இந்த வகை. இவற்றைத்தான் மவுஸால் பிடித்து எங்கு வேண்டுமானாலும் இழுக்க முடியும்.

எங்கு வேண்டுமானாலும் என்று நமக்குத் தோன்றுகிறதே தவிர, மிதக்கும் ஒவ்வொரு படமும் ஏதாவது ஒரு பத்தியில் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. அதற்குப் பெயரே நங்கூரம். படத்தைச் சொடுக்கினால் ஓரத்தில் ஒரு சிறிய நங்கூரக் குறி தெரியும். தெரியாவிட்டால் ஹோம் பட்டியில் உள்ள பத்திக் குறியைத் தட்டினால் தெரியும். பலர் பல ஆண்டுகள் வேர்டில் வேலை செய்தும் இந்தக் குறியைப் பார்த்ததில்லை. நானும் அவர்களில் ஒருவன். நங்கூரம் கிடக்கும் பத்தி அடுத்த பக்கத்துக்குப் போனால் படமும் போகும். அந்தப் பத்தியை முழுவதும் அழித்தால் படமும் அழியும். "படம் தானாகக் காணாமல் போயிற்று" என்று புலம்புகிறவர்களின் படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் போயிருக்கும். படத்தை இழுக்கும்போது நங்கூரமும் அருகில் உள்ள வேறு பத்திக்கு மாறிவிடக்கூடும். 'லாக் ஆங்கர்' என்று பூட்டினால்தான் மாறாது.

'ஃபிக்ஸ் பொசிஷன் ஆன் பேஜ்' என்றால் இந்தப் பக்கத்திலேயே இரு என்று பொருள் என நினைத்தேன். அதுவும் இல்லை. நங்கூரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில், நான் காட்டிய அதே உயரத்தில் நில் என்பதே அதன் பொருள். முத்துவிழாக் குறிப்பின் தலைப்பு 46ஆம் பக்கத்தின் அடியில் தொற்றிக்கொண்டிருந்ததால் அவர் படமும் 46இலேயே, பழைய உயரத்திலேயே நின்றது. தலைப்பு இன்னும் நாலைந்து வரி இறங்கி அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தால், அவரும் கூடவே போயிருப்பார். இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

உண்மையிலேயே ஒரு பக்கத்தோடு கட்ட வேண்டுமானால், விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் அதற்கு வழி இருக்கிறது. அதில் படத்தைப் பக்கத்தோடு கட்டலாம், பத்தியோடு கட்டலாம், ஓர் எழுத்தோடு கட்டலாம், அல்லது எழுத்தாகவே வைக்கலாம். எந்த மென்பொருளாக இருந்தாலும், 'இந்தப் படம் எதோடு கட்டப்பட்டிருக்கிறது?' என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். 'எங்கே வைப்பது?' என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

தமிழுக்கென்று சில தனித் தொல்லைகளும் உண்டு. நம் சொற்கள் நீளமானவை. படத்தைப் பத்தியின் நடுவில் வைத்து இருபுறமும் எழுத்தை ஓடவிட்டால், ஒரு வரிக்கு ஒரு சொல்லோ இரண்டு சொல்லோதான் பிடிக்கும். இரு ஓரமும் நேராக இருக்க வேண்டும் என்று இழுத்தால் சொற்களுக்கிடையே பல் விழுந்தது போல் இடைவெளி. படிப்பவர் இடப்புறம் பாதி வரி படித்து, படத்தைத் தாண்டிக் குதித்து, வலப்புறம் மீதியைப் பிடிக்க வேண்டும். எழுபது வயது வாசகர்கள் நிறைந்த நம் சங்கத்தில் இது அழகு அல்ல, தண்டனை.

எழுத்துரு மாறினாலும் இதே கதைதான். ஒருவர் லதா எழுத்துருவில் அமைத்து அனுப்புவார். திறப்பவர் கணிப்பொறியில் அது இருக்காது. வேறோர் எழுத்துரு அதன் இடத்தில் வந்து உட்காரும். அளவு எண் ஒன்றாக இருந்தாலும் லதா அகலமானது, விஜயா மிகச் சிறியது. வரிகள் கூடும் அல்லது குறையும், பத்திகள் நகரும், நங்கூரங்களும் நகரும். ஒருவர் ஏ4 தாளிலும் மற்றவர் அமெரிக்க லெட்டர் தாளிலும் அமைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர், லெட்டர் 279தான். பக்கத்துக்குப் பல வரிகள் அங்கேயே போய்விடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. சென்னையிலோ சிவகாசியிலோ மலர் அச்சாகியிருந்தால், அச்சகத்தில் ஒருவராவது அந்தப் பக்கத்தைப் படித்திருப்பார். "சார், அஞ்சலின்னு போட்டிருக்கு, பேர் வேற படம் வேற மாதிரி இருக்கே" என்று கேட்டிருப்பார். நமக்குத் தில்லியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஓக்லாவில் நமக்கு அச்சிட்டுத் தருகிறவர்கள் வேலையில் சுத்தமானவர்கள். ஆனால் தமிழ் அவர்களுக்குக் கோடும் வளைவும்தான். பக்கம் நேராக இருக்கிறதா, மை ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். யார் படம் யார் பெயருக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதை நாம்தான் பார்த்தாக வேண்டும். தமிழ்நாட்டுக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு தமிழ்ச் சங்கத்துக்கும் இது பொருந்தும்.

இதற்குச் சொல்லப்படும் மாற்று வழிகளையும் பார்த்துவிடுவோம்.

"வேர்டை விட்டுவிட்டு இன்டிசைனுக்குப் போய்விடலாமே" என்கிறார்கள் சிலர். மலர் போன்ற வேலைக்கு அது உகந்த கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குச் சந்தா கட்ட வேண்டும். தெரிந்த ஒருவர் வேண்டும். அவருக்கு மாற்றல் வந்துவிட்டால் அடுத்த செயலாளரால் கோப்பைத் திறக்கவும் முடியாது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறும் சங்கத்துக்கு, யாரும் திறக்கக்கூடிய கோப்பே நல்லது.

"படம் எல்லாவற்றையும் எழுத்தாகவே வைத்துவிடு, மிதக்கவே விடாதே" என்கிறார்கள் விவரம் தெரிந்த இளைஞர்கள். பெரும்பாலும் சரி. அதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கண்பார்வை இல்லாத அன்பர்கள் திரையை வாசித்துக்காட்டும் மென்பொருளால் படிக்கும்போது, எழுத்தோடு இருக்கும் படமே சரியான வரிசையில் வரும். வேர்டில் உள்ள அணுகல் சோதனையும் மிதக்கும் படங்களைக் குறையாகச் சுட்டிக்காட்டும். ஆயினும் இதையே வேதமாக்க நான் உடன்பட மாட்டேன். விழா அழைப்பிதழ், பாராட்டுப் பத்திரம், மலரின் அட்டை போன்றவற்றில் எழுத்து ஓடுவதில்லை. கையொப்பத்தின் மேல் முத்திரை விழ வேண்டும். கோபுரம் எழுத்துக்குப் பின்னால் மங்கலாகத் தெரிய வேண்டும். அங்கே படத்தை இஷ்டம்போல் நிறுத்தத்தான் வேண்டும். ஒரே பக்கம், ஓடாத எழுத்து என்றால் மிதக்கட்டும். பல பக்கம், ஓடும் எழுத்து என்றால் கட்டிப்போடுங்கள். என் கட்சி இதுதான்.

கட்டிப்போட்டால் அழகு போய்விடுமே என்ற கவலை வேண்டாம். கோடு தெரியாத இரண்டு கட்ட அட்டவணை ஒன்றைப் போட்டு, ஒரு கட்டத்தில் படத்தையும் மறு கட்டத்தில் எழுத்தையும் வைத்தால் பக்கத்தில் படம் வைத்தது போலவே இருக்கும். படத்தின் கீழேயே பெயரையும் அதே கட்டத்துக்குள் எழுதிவிடலாம். படமும் பெயரும் பிரிய வழியே இல்லை. அன்று நான் இதைச் செய்திருந்தால் 17 பெயர் என்ன, 170 பெயர் சேர்த்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரே ஓர் எச்சரிக்கை: வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' என்று வைத்திருந்தால், எழுத்தாக வைத்த படம் ஒரு வரி உயரத்துக்குக் கீற்றாக மட்டுமே தெரியும். 'சிங்கிள்' என்று மாற்றினால் முழுப் படமும் வந்துவிடும்.

ஆகவே, செயற்குழுவின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, கட்டுரை அனுப்பும் அன்பர்கள் எழுத்தைத் தனியாகவும் படங்களைத் தனிக் கோப்புகளாகவும் அனுப்ப வேண்டும். படம் வர வேண்டிய இடத்தில் 'இங்கே படம் 1, இன்னார்' என்று ஒரு வரி எழுதினால் போதும். இதனால் படத்தின் தரமும் காக்கப்படும். வேர்டுக்குள் வைத்த படத்தை, அமைப்பைப் பொறுத்து, சேமிக்கும்போது அது அங்குலத்துக்கு 220 புள்ளி என்ற அளவுக்குச் சுருக்கிவிடுவது உண்டு. அச்சுக்கு 300 இருப்பது நல்லது. ஏற்கனவே உள்ளே வைத்து அனுப்பிவிட்டால், டாக்எக்ஸ் கோப்பின் படி ஒன்றை எடுத்து அதன் பெயர் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்தால், 'மீடியா' என்ற உறைக்குள் படங்கள் தனித்தனியாகக் கிடைக்கும்.

இரண்டாவது, அஞ்சலி, வாழ்த்து, திருமணச் செய்தி ஆகிய மூன்றிலும் படத்தின் கீழ் பெயர் இல்லாமல் ஒன்றும் அச்சேறக் கூடாது. அவை ஒவ்வொன்றும் புதுப் பக்கத்தில், பக்க முறிவு கொடுத்துத் தொடங்க வேண்டும். தாள் கொஞ்சம் வீணாகும்; ஆகட்டும்.

மூன்றாவது, அச்சகத்துக்கு வேர்டு கோப்பு போகவே கூடாது. எழுத்துருக்கள் உள்ளடங்கிய பிடிஎஃப் மட்டுமே போக வேண்டும். பிடிஎஃப் எடுத்த பிறகு ஒரு கமா மாற்றினாலும், தமிழ் படிக்கத் தெரிந்த இருவர் எல்லாப் பக்கங்களையும் மீண்டும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்த இருவரில் அமைத்தவர் இருக்கக் கூடாது. தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்பதற்கு நானே சாட்சி.

நான்காவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க அரங்கில் இரண்டு மணி நேரம் ஒரு வகுப்பு நடத்தலாம். கணிப்பொறியின் எல்லா வித்தைகளும் வேண்டாம். நங்கூரம் என்றால் என்ன, அட்டவணைக்குள் படம் வைப்பது எப்படி, பக்க முறிவு எப்படிக் கொடுப்பது ஆகிய மூன்றே மூன்று. சொல்லிக்கொடுக்க நான் தயார். பட்டுக் கற்றவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

ஒரு படத்துக்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் கேட்கலாம். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து வாழும் நமக்கு, மறைந்த ஒருவரின் முகம் தமிழில் அவர் பெயரோடு அச்சாகும் இடம் அநேகமாக இந்த மலர் ஒன்றுதான். ஊரில் உள்ள உறவினர்களுக்கும் அதைத்தான் அனுப்பிவைக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

செயற்குழு அனுமதித்தால், இந்த ஆண்டு மலரில் அந்த அஞ்சலிக் குறிப்பை மீண்டும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தனிப் பக்கத்தில், அவர் படத்துடன், படத்தின் கீழ் அவர் பெயருடன். பக்கம் தயாரானதும் அச்சகத்துக்குப் போகும் முன் அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். அவர் சரி என்று சொன்ன பிறகே அனுப்புவேன்.